ஹேண்டலின் ‘டிக்ஸிட் டோமினுஸ்’: புதிய கொயர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

‘டிக்ஸிட் டோமினுஸ்’ ஒரு லத்தீன் சங்கீதத்துக்கான கொயர் இசை. இசையமைப்பாளர் ஹேண்டல் 1707 ஏப்ரலில் ரோம் நகரில் இதை எழுதி முடித்தபோது அவருக்கு வயது 22. பாடுகிறவர்களின் தொண்டை மேல் கொஞ்சமும் இரக்கம் இல்லாத இசை. சோப்ரானோ (பெண்களின் உச்சக் குரல்) இரண்டாகப் பிரியும் ஐந்து குரல் கொயர், ஐந்து தனிக்குரல்கள், தந்தி வாத்தியங்கள், கூடவே கன்டினுவோ (அடியில் நின்று தாங்கும் வாத்தியங்கள்). அரை மணி நேரத்துக்குச் சற்று மேல் ஓடும். புதிதாக இதை எடுக்கும் குழுக்களைப் பார்த்தால் எங்கள் பழைய கூத்துகள்தான் நினைவுக்கு வருகின்றன. சுருதி விலகுவது, தாளம் தவறுவதெல்லாம் உங்களுக்கே தெரியும், விட்டுவிடுகிறேன்.

சங்கீத எண்

வாசகம் 110ஆம் சங்கீதம். பழைய லத்தீன் பைபிளில் அதன் எண் 109. இசைப்பிரதியில் இருக்கும் எண்ணை நம்பி நம் வேதாகமத்தில் 109ஐத் திறந்தால் சாபம் கொட்டும் வேறொரு சங்கீதம் வரும்.

‘கொன்க்வஸ்ஸாபித்’தைத் தொண்டையால் அடிப்பது

எனக்கு இன்றும் எரிச்சல் தருவது இதுதான். கர்த்தர் தலைகளை நொறுக்குவார் என்ற வரி. அந்தச் சொல்லின் ‘ஸா’ என்ற ஒரே அசையை ஹேண்டல் துண்டு துண்டாக வெட்டி, அடுத்தடுத்த ஸ்வரங்களில் அடிக்கவிடுகிறார். பொருள் தெரிந்ததும் கொயருக்கு வீரம் வந்துவிடும். ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் தொண்டையை இறுக்கி ஒரு வெட்டு.

ஒரு கொயர் மாஸ்டர் ஒத்திகை முழுக்க “இன்னும் கோபம், இன்னும் கோபம்” என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அந்த இடம் பிரமாதமாகத்தான் இருந்தது. கடைசித் துதிப் பகுதியான ‘குளோரியா’ வந்தபோது டெனர்களில் (ஆண்களின் மேல் குரல்) பாதிப் பேர் வெறும் வாயசைத்தார்கள். சோப்ரானோக்களுக்கு மேல் ஸ்வரங்களில் காற்றுதான் வந்தது. அப்புறம் அவரே, “ஏன் பின்வாங்குகிறீர்கள்?” என்று கோபித்துக்கொண்டார்!

நடுவில் ‘தே டொரெண்டே’ பகுதி வருகிறதே, அதில் கொயரில் ஆண்கள் மட்டும்தானே, பெண்குரல்களுக்கு ஓய்வு கிடைக்குமே என்பார்கள். காயம் பட்ட தொண்டை அந்தச் சில நிமிடங்களில் ஆறாது. அடுத்து வரும் ‘குளோரியா’வின் முடிவில் ஒரு நீண்ட ஃபியூக் (ஒரே கருவைக் குரல்கள் ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துப் பாடும் வடிவம்) இருக்கிறது. அதன் கருவும் ஒரே ஸ்வரத்தைத் திரும்பத் திரும்பத் தட்டுவதுதான். கெட்ட பழக்கம் அங்கேயும் அப்படியே தொடரும்.

என்ன செய்யலாம்? முதலில் அந்த வரியை வெட்டே இல்லாமல், ஒரே நீண்ட ‘ஆ’வாக, மெதுவான காலப்பிரமாணத்தில், பாதிக் குரலில் பாடுங்கள். அது நிலைத்த பிறகு இடையில் சின்னச் சின்ன இடைவெளி விடுங்கள். துடிப்பு வயிற்றிலிருந்து வரட்டும். தொண்டை திறந்தே இருக்கட்டும். வன்மை அந்த மௌனங்களில்தான் இருக்கிறது. போதாததற்கு வயலின்களும் கூடவே வெட்டுகின்றன, நீங்கள் தனியாக யுத்தம் செய்ய வேண்டாம். முழுக் குரலை மேடைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

நீண்ட ஸ்வரங்களை மூழ்கடிப்பது

முதல் பகுதியில் ‘தோனெக் போனாம்’ என்ற வரி பழைய தேவாலய மெட்டில் நீள நீளமாக வரும். சுற்றி ஓடும் குரல்கள் அடங்க வேண்டும். அதே மெட்டு ‘குளோரியா’வின் ‘சிகுத் எராத்’ வரியில் திரும்புகிறது, அங்கேயும் அடங்க வேண்டும்.

லத்தீன் உச்சரிப்பு

ரோமில் எழுதியது, அதனால் இத்தாலிய உச்சரிப்புதான். ‘principium’ என்ற சொல்லை ‘பிரின்ச்சீப்பியும்’ என்றே சொல்லுங்கள்.

‘தே டொரெண்டே’யில் ஆண்கள்

மேலே இரண்டு தனிக்குரல் சோப்ரானோக்கள் உரசி உரசி நகர்கிறார்கள். உங்கள் வேலை கீழே ஒரே குரலாக, சன்னமாக நிற்பது. சரி, கீழ்க் குரல் பாடும் பேஸ்காரர்களுக்கு இது பிடிக்காது.