பை போனாலும் பிழைக்கணும்: அவசரப் பொருட்களை அடுக்கடுக்காக வைக்கும் முறை

அவசரத்துக்கென்று ஒரு பெரிய பையைக் கட்டி அலமாரி மேல் ஏற்றிவைத்திருப்பவர்கள் நிறையப் பேர். பையில் எல்லாம் இருக்கும். ஆனால் லிஃப்ட் நடுவழியில் நின்று விளக்கும் அணையும்போது பை வீட்டில் இருக்கும். மலையில் ஓடையைக் கடக்கும்போது கால் வழுக்கினால், உயிர் பிழைக்க முதலில் உதறிவிட வேண்டியதே முதுகில் இருக்கும் அந்தப் பையைத்தான். எல்லாம் ஓரிடத்தில் இருந்தால் அந்த ஓரிடம் போகும்போது எல்லாமே போகும். அதனால்தான் அடுக்கு.

நான்கு அடுக்கு போதும். உடம்போடு இருப்பது முதல் அடுக்கு. இது சில மணி நேரத்துக்கு. கைக்கெட்டும் சிறு பவுச் இரண்டாவது. ஓர் இரவைத் தள்ள. முதுகுப்பை மூன்றாவது, மூன்று நாளுக்கு. வீட்டிலும் வண்டியிலும் இருப்பது நான்காவது. வெளி அடுக்கு தொலைந்தாலும் உள் அடுக்கு தன் காலில் நிற்க வேண்டும் என்பதுதான் விதி. அதாவது தீப்பெட்டி பையிலும் டார்ச் பவுச்சிலும் விசில் சட்டைப் பையிலும் என்று பொருட்களைப் பிரித்துப் போட்டால் அது அடுக்கு ஆகாது, சிதறல்தான். ரத்தத்தை நிறுத்துவது, உடல் சூட்டைக் காப்பது, தண்ணீர், வெளிச்சம், இருக்குமிடத்தைத் தெரிவிப்பது, இந்த ஐந்துக்கும் ஒவ்வொரு அடுக்கிலும் ஏதோ ஒரு பதில் இருக்க வேண்டும். உள்ளே போகப் போகப் பதில் சிறிதாகலாம், இல்லாமல் போகக்கூடாது. முதல் அடுக்கில் மட்டும் தண்ணீருக்கு விலக்கு உண்டு, சில மணி நேரத் தாகம் யாரையும் சாய்த்துவிடாது. கடும் வெயிலில் அந்த விலக்கும் கிடையாது, கையில் பாட்டில் வேண்டும்.

முதல் அடுக்கு: பாக்கெட்டும் சாவிக்கொத்தும்

போனைத் தவிர்த்து 250 கிராமுக்கு மேல் போகவிடாதீர்கள். கனமானால் இரண்டாம் வாரமே மேசை டிராயருக்குப் போய்விடும். சாவிக்கொத்தில் ஒரு விசிலும் விரல் நீள டார்ச்சும். விசில் உள்ளே உருண்டை இல்லாத வகையாக இருக்கட்டும். உருண்டை இருந்தால் நனைந்தோ உறைந்தோ ஒட்டிக்கொண்டு ஊத முடியாமல் போகும். மூன்று முறை ஊதி, சற்று நிறுத்தி, மறுபடி மூன்று முறை ஊதுவது உலகெங்கும் உதவி கேட்கும் சைகை. மலைப்பகுதிகளில் ஒரு நிமிடத்துக்குள் ஆறு முறை, பிறகு ஒரு நிமிட இடைவெளி என்ற முறையும் உண்டு. கத்தினால் சிறிது நேரத்தில் தொண்டை கட்டிவிடும், விசிலுக்கு அந்தப் பிரச்சினை இல்லை.

ஒரு லைட்டர். பாக்கெட்டில் அதன் விசை அழுந்தி வாயு முழுக்கக் கசிந்துபோவது அடிக்கடி நடப்பது. விசைக்கு அடியில் ஒரு ரப்பர் பேண்டைச் செருகினால் தீர்ந்தது. பியூட்டேன் வாயு பூஜ்ஜியம் டிகிரியை ஒட்டிய குளிரில் ஆவியாகாது, அதனால் எரியாது. அப்படிப்பட்ட இடத்தில் லைட்டரை உள்சட்டையில், உடம்பின் சூட்டில் வைத்திருக்க வேண்டும். ஒரு துணிக் கைக்குட்டை காயத்தை அழுத்திப் பிடிக்க உதவும். அன்றாடம் மருந்து எடுப்பவர் என்றால் ஒரு நாள் மருந்து. பர்ஸில் கொஞ்சம் சில்லறை நோட்டுகளும், ரத்த வகை, ஒவ்வாமை, எடுக்கும் மருந்துகள், அழைக்க வேண்டிய இரண்டு எண்கள் எழுதிய அட்டையும். போனில் இருக்கிறதே என்பார்கள். போன் அணைந்த பிறகு நெருங்கிய உறவின் எண்ணைக்கூட மனப்பாடமாகச் சொல்ல முடிகிறவர்கள் எத்தனை பேர்?

முதல் அடுக்கில் கூடாரக்குச்சி அளவுக்குக் கத்தி வைத்துத் திரிய வேண்டாம். சிறு மடக்குக் கத்தி போதும், அதுவும் அந்த இடத்துச் சட்டம் அனுமதித்தால்.

இரண்டாம் அடுக்கு: பவுச்

பெரும்பாலானோர் சொதப்புவதும் இந்த அடுக்குதான், நிஜமாக உயிர் காப்பதும் இதுதான். ஒன்றிலிருந்து ஒன்றரை லிட்டர் கொள்ளளவு, 1.2 கிலோவுக்குள். இடுப்பில் கட்டலாம், அலுவலகப் பையில் போடலாம், பெரிய பயணத்தில் முதுகுப்பையோடு சேர்த்துத் தூக்கலாம். ஆனால் முதுகுப்பைக்குள் புதைத்துவிடக் கூடாது. பையைக் கழற்றி வைத்துவிட்டு ஐம்பது அடி தள்ளி ஒதுங்கப் போனாலும் பவுச் இடுப்பில் இருக்க வேண்டும். வழி தவறுவது அப்படிப்பட்ட ஐம்பது அடிகளிலும் நடக்கும்.

முதலில் ரத்தப் பகுதி. ஒரு டூர்னிக்கெட் (கை, காலைச் சுற்றித் திருகி இறுக்கி ரத்தத்தை நிறுத்தும் பட்டை), ஒரு அழுத்தக் கட்டு, இரண்டு உருளை காஸ் துணி, இரண்டு ஜோடி நைட்ரைல் கையுறை. இவை பவுச்சின் மேல்பக்கத்தில், டூர்னிக்கெட் மட்டும் கவரை உரித்துத் தயாராக. டூர்னிக்கெட் கைக்கும் காலுக்கும் மட்டும்; கழுத்து, வயிறு, மார்புக்குக் கிடையாது. காயத்திலிருந்து 5 முதல் 7 சென்டிமீட்டர் மேலே, மூட்டின் மேல் படாமல், ரத்தம் நிற்கும்வரை திருகி இறுக்க வேண்டும். வலிக்கும், வலிக்கிறதே என்று பாதியில் நிறுத்தினால்தான் ஆபத்து: சிரைகளில் இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் அடைபட்டு, தமனிகளில் இதயத்திலிருந்து வருவது அடைபடாமல் போய், ரத்தப்போக்கு கூடும். இறுக்கிய நேரத்தைப் பேனாவால் எழுதிவிட்டு, மருத்துவர் கைக்குப் போகும்வரை தளர்த்தாதீர்கள். பெல்ட், ஷூ லேஸ் எல்லாம் சினிமாவுக்குச் சரி. குறுகலான கயிறு தசையை அறுக்குமே தவிர தமனியை முழுதாக அடைக்காது. ஒரு முதலுதவி வகுப்பில் கையால் செய்து பழகாதவர்கள் இதை வாங்கிப் போட்டுப் பயனில்லை. பழகுவதற்குத் தனியாக ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். பலமுறை முறுக்கியதை நிஜத் தேவைக்கு நம்பக் கூடாது.

அடுத்து உடல் சூடு. பளபளக்கும் அலுமினியப் போர்வையை மட்டும் மடித்துப் போட்டுவிட்டு நிம்மதியாக இருப்பது வழக்கமான தப்பு. அது கதிர்வீச்சாக வெளியேறும் சூட்டைத் திருப்பி அனுப்பும், ஆனால் நனைந்த மண்ணில் உட்கார்ந்தால் தரை உறிஞ்சும் சூட்டைத் தடுக்காது. மெல்லிய வகை காற்றில் படபடத்துக் கிழியும். அதைவிட, 120 லிட்டருக்கு மேல் கொள்ளும் கனமான குப்பைப் பை இரண்டு உபயோகமானது. ஒன்றின் அடிப்பக்க மூலையில் முகத்துக்கு ஓட்டை வெட்டிவிட்டு (போட்ட பிறகு அல்ல, போடுமுன்) தலைவழியாக மாட்டினால் மழையும் காற்றும் நின்றுவிடும். இன்னொன்றில் காய்ந்த இலைகளை அடைத்து மெத்தையாக்கி அதன்மேல் உட்காரலாம். அமுங்கிய பிறகும் ஒரு சாண் உயரம் இருக்கும்படி திணியுங்கள். தண்ணீர் காற்றைவிட ஏறக்குறைய 25 மடங்கு வேகமாக உடல் சூட்டைக் கடத்தும் என்பதால், குளிரைவிட நனைவதுதான் முதல் எதிரி. நெருப்புக்கு வாசலின் தேய்த்த பஞ்சு உருண்டைகள் ஐந்தாறு ஒரு சிறு டப்பாவில். ஒவ்வொன்றும் மூன்று நான்கு நிமிடம் எரியும், ஈரச் சுள்ளியையும் பிடிக்க வைக்கும். கூடவே ஒரு ஃபெரோ கம்பி, அதாவது உரசினால் பொறி தெறிக்கும் உலோகக் கம்பி. அது நனைந்தாலும் துடைத்துவிட்டுப் பொறி எடுக்கலாம்.

வெளிச்சத்துக்குத் தலையில் மாட்டும் விளக்கு. காயத்துக்குக் கட்டுப் போடும்போது டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு நிற்க முடியாது. பேட்டரியில் ஒரு எச்சரிக்கை: சாதாரண அல்கலைன் பேட்டரிகளை விளக்குக்குள்ளேயே மாதக்கணக்கில் போட்டுவைத்தால் கசிந்து தகட்டை அரித்துவிடும். லித்தியம் ஏஏ, ஏஏஏ பேட்டரிகள் கசிவது அரிது, குளிரிலும் வேலை செய்யும். எதுவானாலும் பேட்டரிக்கும் தகட்டுக்கும் நடுவே ஒரு காகிதத் துண்டைச் செருகுங்கள். பைக்குள் சுவிட்ச் தானாக அழுந்தி விளக்கு எரிந்து தீர்வதும் நின்றுவிடும்.

10,000 எம்ஏஎச் (மின் கொள்ளளவின் அலகு) என்று எழுதிய பவர் பேங்க் போனுக்கு 10,000 தராது. அந்த எண் உள்ளிருக்கும் 3.7 வோல்ட் செல்லுக்கானது; 5 வோல்ட்டாக மாற்றும்போது 7,400 ஆகிறது, மாற்றும் இழப்பும் போக ஆறாயிரத்துச் சொச்சம்தான் கையில் நிற்கும். இதை வைத்துக் கணக்குப் போடுங்கள். கேபிளைப் பவர் பேங்கோடு ரப்பர் பேண்டால் கட்டிவிடுங்கள், இல்லையென்றால் அது ஒரு செங்கல். சிக்னல் பலவீனமான இடத்தில் அழைப்பு போகாதபோதும் குறுஞ்செய்தி போய்விடுவதுண்டு. இடம், நிலைமை, எத்தனை பேர் என்பதை ஒரே செய்தியில் எழுதி அனுப்பிவிட்டு விமானப் பயன்முறையில் போடுங்கள்.

மீதி: இன்னொரு விசில், சுருட்டி வைக்கும் ஒரு லிட்டர் தண்ணீர்ப் பை, குளோரின் மாத்திரைகள், உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம் இரண்டு, 4 மில்லிமீட்டர் தடிமனுள்ள நைலான் கயிறு பத்து மீட்டர், பழைய பிளாஸ்டிக் அட்டையில் சுற்றிய துணி டேப் இரண்டு மீட்டர். மாத்திரை போட்ட தண்ணீரை அரை மணி நேரம் விட வேண்டும், குளிர்ந்த தண்ணீர் என்றால் இன்னும் நேரம். கலங்கலாக இருந்தால் முதலில் துணியில் வடிகட்டுங்கள், சேற்றோடு போட்டால் குளோரின் சேற்றிலேயே செலவாகிவிடும்.

மூன்றாம் அடுக்கு: முதுகுப்பை

25 முதல் 35 லிட்டர் பை. மொத்த எடை உங்கள் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்ட வேண்டாம். மூன்றுக்கு மூன்று மீட்டர் தார்ப்பாய், தூங்கும் பையும் பாயும், ஒரு செட் காய்ந்த உடை (பருத்தி வேண்டாம், நனைந்தால் சூடு தங்காது), சிறு அடுப்பும் பாத்திரமும், சமைக்காமலே தின்னக்கூடிய உணவு, தண்ணீர் வடிகட்டி, இரண்டு மூன்று லிட்டர் தண்ணீர்.

அடுக்கும் வரிசைதான் முக்கியம். மழை திடீரென்று பிடித்தால் முதலில் வேண்டியது தார்ப்பாய். அது அடியில் இருந்தால் அதை எடுப்பதற்குள் மற்றதெல்லாம் நனைந்துவிடும். எனவே அது உச்சியில். இரவில் மட்டும் வேண்டிய தூங்கும் பை அடியில். கனமானவை நடுவில், முதுகை ஒட்டி. பைக்கு மேலே போடும் மழை உறையை முழுக்க நம்ப முடியாது, முதுகுப்பக்கம் வழிந்து உள்ளே இறங்கும். பைக்குள்ளே ஒரு பெரிய பாலித்தீன் பையை விரித்து, எல்லாவற்றையும் அதற்குள் போட்டு, வாயை முறுக்கிக் கட்டுவது நல்லது. வகைக்கொரு நிறத்தில் உறைகள் வையுங்கள்: சிவப்பு மருந்து, நீலம் தண்ணீர் என்பதுபோல. உங்களுக்கே அடிபட்டால் பையைத் திறக்கப்போவது அடுத்தவர். ‘சிவப்பு உறையை எடு’ என்று சொன்னால் அவருக்குப் புரிய வேண்டும்.

வடிகட்டியைப் பற்றி ஒன்று. மெல்லிய குழாய்நார் வடிகட்டிகள் பாக்டீரியாவையும் ஒட்டுண்ணிகளையும் தடுக்கும், வைரஸைத் தடுக்காது. ஒருமுறை பயன்படுத்தியபின் உறைந்துபோனால் உள்ளே நார் வெடித்துவிடும். வெளியே பார்க்க ஒன்றும் தெரியாது, தண்ணீர் முன்னைப்போலவே வரும், சுத்தமாக இருக்காது. உறையும் குளிரில் அதைத் தூங்கும் பைக்குள் வைத்துக்கொண்டு படுங்கள். சந்தேகம் வந்தால் கொதிக்க வையுங்கள்: தளதளவென்று கொதித்து ஒரு நிமிடம், 2,000 மீட்டருக்கு மேல் உயரத்தில் மூன்று நிமிடம். அடுப்பை மூடிய கூடாரத்துக்குள் பற்ற வைக்காதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை.

வீடும் வண்டியும்

வீட்டில் தலைக்கு ஒரு நாளைக்கு நான்கு லிட்டர் தண்ணீர், குறைந்தது மூன்று நாளுக்கு. தண்ணீர் தீர்ந்து கிணற்றையோ தொட்டியையோ நம்ப வேண்டி வந்தால், வாசனை சேர்க்காத 5–6 சதவீத பிளீச் லிட்டருக்கு இரண்டு சொட்டு, அரை மணி நேரம் காத்திருக்கவும். பிளீச் நாள்பட வீரியம் இழக்கும், ஆண்டுக்கொரு முறை புதிதாக வாங்குங்கள்.

வண்டியில் பலர் எல்லாவற்றையும் டிக்கியில் போடுகிறார்கள். சீட் பெல்ட் அறுக்கும் கருவியும் கண்ணாடி உடைக்கும் சுத்தியலும் டிக்கியில் இருந்து என்ன பயன்? ஓட்டுநர் பெல்ட்டோடு உட்கார்ந்தபடியே எட்டும் இடத்தில் இருக்க வேண்டும். அதோடு உங்கள் வண்டியின் பக்கக் கண்ணாடி என்ன வகை என்று மூலையில் அச்சிட்டிருப்பதைப் பாருங்கள். லேமினேட்டட் கண்ணாடியை (இரண்டு கண்ணாடிக்கு நடுவே பிளாஸ்டிக் படலம் ஒட்டியது) அந்தச் சுத்தியல் விரிசல் விட வைக்குமே தவிர உதிர்க்காது. வெயிலில் நிறுத்திய வண்டிக்குள் சூடு 60 டிகிரியைத் தாண்டும். பவர் பேங்க், லைட்டர், மாத்திரைகள் அங்கே குடியிருக்கக் கூடாது. பிளாஸ்திரிப் பசைகூட உருகிப் பயனற்றுப்போகும்.

சோதித்துப் பார்ப்பது

அடுக்குகள் கெடுவது பேரிடரில் அல்ல, சாதாரண நாட்களில்தான். தலைவலிக்குப் பவுச்சிலிருந்து மாத்திரை எடுப்பார்கள், திரும்ப வைக்க மாட்டார்கள். விமானப் பயணத்துக்காகக் கத்தியை எடுத்து வைப்பார்கள், ஊர் திரும்பியும் அது அலமாரியிலேயே கிடக்கும். (பவர் பேங்க் அப்போது கைப்பையில்தான் போக வேண்டும், 10,000 எம்ஏஎச் என்பது 37 வாட் அவர், பொதுவான வரம்பான 100க்குள் அடங்கும்.) இதற்கு ஒரே வழி, பவுச்சுக்குள் ஒரு அட்டை. என்னென்ன இருக்க வேண்டும், எது எப்போது காலாவதி என்பதைப் பென்சிலால் எழுதி வையுங்கள். எடுத்த பொருளின் பெயரைக் கோடிட்டு அடியுங்கள், திரும்ப வைத்ததும் அந்தக் கோட்டை அழித்துவிடுங்கள்.

ஆறு மாதத்துக்கொரு முறை இரவில் விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு, ஒரு கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, பவுச்சிலிருந்து விளக்கையும் அழுத்தக் கட்டையும் எடுத்துப் பாருங்கள். ஒரு நிமிடத்துக்கு மேல் ஆனால் அடுக்கியது தப்பு. பிறகு முதுகுப்பையை இன்னொருவரிடம் கொடுத்துவிட்டு, பவுச்சை மட்டும் வைத்துக்கொண்டு மொட்டைமாடியிலோ தோட்டத்திலோ ஓர் இரவு படுத்துப் பாருங்கள். விடியற்காலையில் எந்த இடம் குளிர்ந்தது, எதைத் தேடினீர்கள், எதைத் தொடவே இல்லை என்று குறித்துக்கொண்டு, தொடாததில் பாதியை மூன்றாம் அடுக்குக்கு இறக்குங்கள். ரத்தப் பகுதியையும் விசிலையும் மட்டும் தொடவில்லை என்பதற்காக இறக்கிவிடாதீர்கள்.