இப்போது பெய்யும் மழையா, கணித்த மழையா? இணையத்தில் வானிலை பார்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் வாட்ஸ்அப்பில் வண்ண வண்ண மழைப் படங்கள் சுற்ற ஆரம்பிக்கும். வானிலை பார்க்க நல்ல தளங்கள் நிறையவே இருக்கின்றன, அதுவும் இலவசமாக. படம் எதைக் காட்டுகிறது, எப்போது எடுத்தது என்று பார்க்காமல் நம்புவதில்தான் வினை தொடங்குகிறது.

பலரும் செய்யும் தவறு, விண்டி தளத்தில் ஓடும் காற்றையும் மழையையும் நேரலை என்று நினைப்பது. அது கணினி மாதிரியின், அதாவது வளிமண்டலம் இனி எப்படி மாறும் என்று கணக்கிடும் நிரலின் கணிப்பு. இந்த நிமிடம் எங்கே பெய்கிறது என்று தெரிய ரேடார் படம்தான் வேண்டும். இந்திய வானிலை ஆய்வுத் துறையின் மௌசம் தளத்தில் சென்னை, காரைக்கால் ரேடார் படங்களைப் பார்க்கலாம்.

ரேடார் படத்தைத் திறந்ததும் முதலில் நேரத்தைப் பாருங்கள். பல படங்களில் உலகம் முழுவதற்கும் பொதுவான யுடிசி நேரமே இருக்கும். அதனுடன் ஐந்தரை மணி நேரம் கூட்ட வேண்டும். 12:00 யுடிசி என்றால் நமக்கு மாலை 5.30. இதைக் கவனிக்காவிட்டால் சற்றுமுன் எடுத்த படத்தைப் பழையது என்று ஒதுக்கிவிடுவோம்.

அடுத்து தூரம். ரேடார் கற்றை நேராகப் போகும், பூமியோ வளைந்தது. 0.5 பாகை சாய்வில் கிளம்பும் கற்றை 200 கி.மீ. தாண்டும்போது தரையிலிருந்து ஏறக்குறைய 4 கி.மீ. உயரத்தில் இருக்கும். அதற்குக் கீழே உள்ள தாழ்வான மேகங்கள் கொட்டித் தீர்த்தாலும் படத்தில் தெரியாது. ஆகவே, படத்தின் ஓரத்தில் உங்கள் ஊர் இருந்தால் வெறும் இடத்தை மழையில்லை என்று படிக்காதீர்கள். உங்களுக்கு அருகிலுள்ள வேறு ரேடாரைப் பாருங்கள். அகச்சிவப்புச் செயற்கைக்கோள் படத்தில் இதற்கு நேர்மாறான ஏமாற்றம் உண்டு. மேகத்தின் உச்சி எவ்வளவு குளிர்ந்திருக்கிறது என்பதைத்தான் அது காட்டும். மழையே தராத உயர்ந்த மெல்லிய மேகமும் அதில் பளிச்சென்று வெள்ளையாகத் தெரியும்.

பத்து நாள் கழித்து சென்னைக்கு நேராகப் புயல் வருவதாக ஒரு மாதிரி காட்டினால் உடனே பகிராதீர்கள். அமெரிக்காவின் ஜிஎஃப்எஸ் மாதிரி ஒரு நாளில் நான்கு முறை புதிதாகக் கணிக்கிறது. ஒரு கணிப்பில் தோன்றிய புயல் அடுத்ததில் காணாமல் போவது சாதாரணம். தொடர்ந்து வரும் கணிப்புகள் ஒத்துப்போகின்றனவா, ஐரோப்பிய மாதிரியும் அதையே சொல்கிறதா என்று பாருங்கள். அப்போதும் எச்சரிக்கை என்பது வானிலை ஆய்வு மையம் சொல்வதுதான். நம் துறை சொல்லும் புயல் காற்றின் வேகத்தை அமெரிக்கக் கூட்டுப் புயல் எச்சரிக்கை மையத்தின் எண்ணோடு ஒப்பிடுவதும் சரியல்ல. அவர்கள் 1 நிமிடச் சராசரிக் காற்றைச் சொல்கிறார்கள், நம் துறை 3 நிமிடச் சராசரியைச் சொல்கிறது. அதனால் அவர்கள் எண் சற்று கூடுதலாக வரும்.

அறிக்கையின் சொற்களுக்கும் அளவு உண்டு. கனமழை என்றால் 24 மணி நேரத்தில் 64.5 முதல் 115.5 மி.மீ.; மிக கனமழை 204.4 மி.மீ. வரை, அதற்கு மேல் அதி கனமழை. "ஓரிரு இடங்களில்" என்பது அந்தப் பகுதியின் மழைமானி நிலையங்களில் கால்பங்குக்கு மிகாமல் என்று பொருள். ஆரஞ்சு எச்சரிக்கை உள்ள மாவட்டத்தில் உங்கள் தெரு காய்ந்து கிடந்தால், அதை வைத்து மட்டும் கணிப்பு பொய்த்தது என்று சொல்ல முடியாது.

பழைய தரவைத் தேடுபவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். நம் துறையின் ஒரு நாள் மழை என்பது முந்தைய நாள் காலை 8.30 முதல் அன்று காலை 8.30 வரை பதிவானது. கடந்தகால வானிலையைக் கட்டம் கட்டமாக, மணிக்கு மணி கணினியில் மீட்டுருவாக்கிய ஐரோப்பாவின் இஆர்ஏ5 தரவை யுடிசி நாளாகக் கூட்டினால் காலை 5.30க்கே நாள் மாறிவிடும். இரண்டையும் தேதி வைத்து ஒப்பிட்டால், விடியற்காலையில் கொட்டிய மழை தவறான நாளில் போய் விழும். மணிவாரித் தரவை இறக்கி 8.30 கணக்குக்கு நீங்களே கூட்டுவது நல்லது. மேலும் இஆர்ஏ5 கட்டம் ஒன்று ஏறக்குறைய 31 கி.மீ. அகலம். சுமார் 300 மீட்டர் உயரத்திலுள்ள மேட்டுப்பாளையமும் 1,800 மீட்டரைத் தாண்டிய குன்னூரும் அந்த அகலத்துக்குள் அடங்கிவிடும். மலையூர்களுக்கு அந்த எண்ணை அப்படியே எடுக்காமல், அருகிலுள்ள மழைமானியின் பதிவோடு சரிபார்த்த பிறகே பயன்படுத்துங்கள்.