கிச்சன் மேடைக்கு கல்லு எடுக்க போறீங்களா, முதல்ல ஒரு எலுமிச்சம்பழம் எடுத்து வச்சுக்கோங்க

எங்க அம்மா வீடு பாபநாசம் பக்கம், அங்க கிச்சன்ல ரொம்ப வருஷமா கடப்பா கல்லு மேடைதான். போட்ட புதுசுல கறுகறுன்னு எண்ணெய் தடவின மாதிரி இருந்துச்சு, ஆனா புளி கரைச்சு வைக்கிற எடம், எலுமிச்சம்பழம் பிழியிற எடம் எல்லாம் ரெண்டு மூணு வருஷத்துல வெள்ளை வெள்ளையா பூத்துப்போச்சு. அம்மா அதை கறைன்னு நெனச்சு தேய்ச்சு தேய்ச்சு கை நொந்துபோனாங்க. அது கறையே இல்ல. கடப்பா கல்லு சுண்ணாம்புக்கல் வகை, புளிப்பு பட்டா கல்லோட மேல்தோலையே தின்னுடும், அப்புறம் எவ்வளவு தேய்ச்சாலும் வராது, திரும்ப பாலிஷ்தான் போடணும். மார்பிளுக்கும் இதே கதிதான், ராஜஸ்தான்லேர்ந்து வர்ற மக்ரானா மார்பிளா இருந்தாலும் சரி. நம்ம டெல்டா சமையல்ல புளி இல்லாத நாள் ஏது சொல்லுங்க. அதனால நான் எல்லார்கிட்டயும் சொல்றது, அலமாரி தட்டுக்கும் மேடைக்கு அடியில தாங்கறதுக்கும் கடப்பா தாராளமா போடுங்க, சமைக்கிற மேல்பக்கத்துக்கு கிரானைட் போடுங்க.

நம்ம ஊர் மண்ணு எல்லாம் காவிரி கொண்டுவந்து போட்ட வண்டல், தோண்டினா கல்லு வராது. தஞ்சாவூர் பெரிய கோயிலுக்கே 1010க்கு முன்னாடி கருங்கல்ல வெளியிலேர்ந்துதான் கொண்டுவந்தாங்க. இன்னிக்கு கடையில நிக்கிற கல்லும் அப்படித்தான். பிளாக் கேலக்ஸிங்கற கருப்பு கிரானைட் ஆந்திராவுல சீமகுர்த்தியிலேர்ந்து வருது, டேன் பிரவுன் தெலுங்கானா கரீம்நகர் பக்கம், குன்னம் பிளாக் நம்ம விழுப்புரம் மாவட்டம். காஷ்மீர் ஒயிட்னு ஒண்ணு காட்டுவாங்க, பேர்தான் காஷ்மீர், வெட்டி எடுத்தது மதுரை மேலூர் பக்கம். பார்க்க ரொம்ப அழகா இருக்கும், ஆனா தண்ணியும் எண்ணெயும் உறிஞ்சுற கல்லு, மஞ்சளும் நல்லெண்ணெயும் பொழங்குற அடுப்பங்கரைக்கு நான் வேணாம்னுதான் சொல்வேன்.

கடையில லைட் வெளிச்சத்துல பளபளன்னு தெரியிறத பார்த்து முடிவு பண்ணாதீங்க. சின்ன துண்டு ஒண்ணு கேட்டு வாங்கி வீட்டுக்கு கொண்டுவாங்க. அதுமேல ரெண்டு சொட்டு எலுமிச்சம் சாறு விட்டு பத்து நிமிஷம் கழிச்சு துடைங்க, அந்த எடம் மட்டும் மங்கி போயிருந்தா அதுல சுண்ணாம்பு சத்து இருக்கு, வேணாம். இன்னொரு மூலையில தண்ணி விட்டு கால் மணி நேரம் விடுங்க, துடைச்ச பிறகு கருப்பா ஈரம் ஏறி இருந்தா கல்லு உறிஞ்சுதுன்னு அர்த்தம், அந்த கல்ல எடுத்தா சீலர், அதாவது கல்லு தண்ணி எண்ணெய் உறிஞ்சாம இருக்க மேல பூசற திரவம், போட்டே ஆகணும். கருப்பு கல்லுன்னா வெள்ளை துணியில நெயில் பாலிஷ் ரிமூவர் தொட்டு தேய்ங்க, துணியில கருப்பு ஒட்டினா சாயம் ஏத்தின கல்லு, நாளாக நாளாக வெளுக்கும். என் அக்கா வீட்டுல இந்த ஒரு சோதனைய பண்ணாம எடுத்துட்டோம், சிங்க் ஓரம் சாம்பல் கலருக்கு வந்துடுச்சு, இன்னமும் பார்க்கும்போது மனசு கஷ்டமா இருக்கு.

முழு பலகை எடுக்கும்போது மேல தண்ணி ஊத்தி துடைக்க சொல்லுங்க, விரிசல் இருந்தா கல்லு காஞ்ச பிறகும் அந்த கோடு மட்டும் ஈரமா தெரியும். கையால தட்டி பாருங்க, கணீர்னு கேக்கணும், டொக்குனு கேட்டா உள்ள வெட்டு இருக்கலாம். 18 எம்எம் தடிப்புல ஒரு ஸ்கொயர் ஃபீட் சுமார் 4.5 கிலோ வரும், 10 அடி நீளம் 2 அடி அகலம்னா 90 கிலோ, அதனால வண்டியிலேர்ந்து இறக்கும்போது செங்குத்தா நிக்க வச்சு தூக்க சொல்லுங்க, படுக்க வச்சு தூக்கினா நடுவுல உடையும்.

போடும்போது கொத்தனார் பக்கத்துலயே நில்லுங்க. சிங்க்கும் அடுப்பும் முன்கூட்டியே வாங்கி கையில குடுத்துட்டு ஓட்டை வெட்ட சொல்லுங்க, ஏன்னா விரிசல் பெரும்பாலும் ஓட்டைக்கு முன்னாடி இருக்கற அந்த ஒல்லி பட்டையிலதான் விழும், ஜாயிண்ட்டும் அங்க வரக்கூடாது. வெளிர் கலர் கல்லுன்னா சாம்பல் சிமெண்ட் வேணாம், ஒயிட் சிமெண்ட்டோ வெள்ளை அடெசிவோ போடுங்க, இல்லன்னா அடியிலேர்ந்து கறை ஏறி மேல திட்டு திட்டா தெரியும். முன்பக்க ஓரத்துக்கு அடியில மெல்லிசா ஒரு பள்ளக் கோடு வெட்ட சொல்லுங்க, வழியிற தண்ணி அங்கயே சொட்டிடும், கீழ இருக்கற மரக்கதவு ஊறாது, இந்த சின்ன வேலைய கேட்டாதான் செய்வாங்க.

பராமரிப்புல முக்கியமானது அப்பப்ப துடைக்கிறதுதான். வாழைப்பூ, வாழைத்தண்டு நறுக்கினா அந்த பால் கல்லுல காயவே விடாதீங்க, காபி டிகாஷனும் அப்படித்தான். தினமும் பாத்திரம் கழுவுற லிக்விட் ரெண்டு சொட்டு வெதுவெது தண்ணியில கலந்து துடைச்சு, அப்புறம் நல்ல தண்ணியில ஒரு தடவை, கடைசியா காஞ்ச துணி. ஆசிட், வினிகர், கரகரன்னு இருக்கற பவுடர், கம்பி நார் எதுவும் வேணாம். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் போர் தண்ணி உப்பா இருக்கும், குழாய சுத்தி வெள்ளையா படியும், அதை ஆசிட் ஊத்தி எடுக்கறவங்க நெறைய பேர், தயவுசெஞ்சு பண்ணாதீங்க, ஈரத்துணி போட்டு ஊறவிட்டு பழைய பிளாஸ்டிக் கார்டால சுரண்டினா பெரும்பாலும் வந்துடும்.

எண்ணெய் உள்ள இறங்கிடுச்சுன்னா சோடா உப்ப தண்ணியில தோசைமாவு பதத்துக்கு குழைச்சு கறைமேல தடிமனா அப்பி, பிளாஸ்டிக் கவர் போட்டு மூடி ஒரு நாள் விட்டுடுங்க, காஞ்ச பிறகு எடுத்தா எண்ணெய கொஞ்சம் இழுத்திருக்கும், ரெண்டு மூணு தடவை பண்ணணும். மஞ்சள் கறை வெயில் படற ஜன்னலோரமா இருந்தா தானாவே மங்கும், பதறி தேய்க்காதீங்க.

கிரானைட் சூடு தாங்கும்தான், ஆனா கொதிக்கிற குக்கர அப்படியே எறக்கி வச்சுட்டு பக்கத்துலயே பச்சை தண்ணி ஊத்தினா விரிசல் விட வாய்ப்பு இருக்கு, ஒரு மரப்பலகை போட்டுக்கோங்க. தேங்காய மேடை ஓரத்துல தட்டி உடைக்கிற பழக்கம் நம்ம வீடுகள்ல உண்டு, ஓரம் பேந்துடும், அதுக்கு அம்மிக்கல்லோ வாசப்படியோ இருக்கு.

சீலர் போடறதா இருந்தா ஐப்பசி கார்த்திகை அடைமழையில வேணாம், கல்லு ஈரத்தோட இருக்கும், உள்ள இறங்காது. தை மாசிக்கு மேல ரெண்டு நாள் மேடைய புழங்காம நல்லா காயவிட்டு போடுங்க, மேல நிக்கிற மிச்சத்த உடனே துடைச்சுடுங்க. அடுத்த வருஷம் அதே தண்ணி சோதனைய பண்ணி பாருங்க, சொட்டு உருண்டு நின்னா திரும்ப போட வேண்டியதில்ல.