வீட்டில் அடி வாங்குகிறீர்களா? முதலில் ஒரு ஆளிடம் சொல்லுங்கள்

மதுரையில் எங்கள் தெருவில் மத்தியானம் ஆனால் மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டிலிருந்து வந்த மல்லிகையைக் கொட்டிவைத்துப் பெண்கள் பூக் கட்ட உட்காருவோம். ஒருநாள் பக்கத்து வீட்டு மதினி கட்டிய சரம் மட்டும் நாரிலிருந்து அவிழ்ந்து அவிழ்ந்து விழுந்தது. வலது கைப் பெருவிரல் வீங்கியிருந்தது. "கதவுல நசுங்கிருச்சு" என்றார். யாரும் மேற்கொண்டு கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை, அது இன்றைக்கும் உறுத்துகிறது. அப்புறம் அவரோடு அலைந்ததில் தெரிந்துகொண்டதைத்தான் எழுதுகிறேன்.

முதலில் ஒரே ஒரு ஆளைப் பிடியுங்கள். அம்மாவாகவோ அண்ணனாகவோ இருக்கணும் என்றில்லை, "அடிக்கிற கைதான் அணைக்கும்" என்று சொல்லித் திருப்பி அனுப்பாத ஆளாக இருந்தால் போதும். சுய உதவிக் குழு அக்கா, அங்கன்வாடி டீச்சர், யாராக இருந்தாலும் சரி. அவர் வீட்டில் ஒரு மஞ்சப்பை கொடுத்து வையுங்கள்: ஆதார், ரேஷன் கார்டு நகல், பாஸ்புக், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், ஒரு மாற்றுத்துணி, கொஞ்சம் பணம். கிளம்பப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிடாதீர்கள். கிளம்புகிற நேரத்தில்தான் ஆபத்து அதிகம்.

181, பெண்களுக்கான உதவி எண். 24 மணி நேரமும் இலவசம். உயிருக்கு ஆபத்து என்றால் 112. பேசி முடித்ததும் போனில் அந்த எண்ணை அழித்துவிடுங்கள்.

காயம் இருந்தால் ராஜாஜி அரசு மருத்துவமனைக்குப் போய் யார் அடித்தது, எதால் அடித்தது என்று உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். வெட்கத்தில் "வழுக்கி விழுந்துட்டேன்" என்று மதினி முதல்தடவை சொல்லிவிட்டார், சீட்டிலும் அப்படியே ஏறிவிட்டது, பின்னால் கோர்ட்டில் அதற்குப் பதில் சொல்வதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

சகி என்ற ஒருங்கிணைந்த சேவை மையம் இருக்கிறது. மருத்துவம், ஆலோசனை, போலீஸ், சட்ட உதவி எல்லாம் அவர்கள் மூலமே கிடைக்கும், சில நாள் தங்கவும் இடம் உண்டு. 181-இல் கேட்டால் வழி சொல்வார்கள். கலெக்டர் ஆபீஸில் சமூக நலத்துறையையும், குடும்ப வன்முறைப் புகார்களைப் பார்க்கும் பாதுகாப்பு அலுவலரையும் கேட்டுப் போங்கள். சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை, அதனால் கையில் காசில்லையே என்று நின்றுவிட வேண்டாம்.

2005-ஆம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டம் என்ன சொல்கிறது என்று தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். வீடு கணவர் பேரிலோ மாமியார் பேரிலோ இருந்தாலும், வாழ்ந்த வீட்டில் இருக்க உங்களுக்கு உரிமை உண்டு. விவாகரத்து கேட்காமலே மாஜிஸ்திரேட்டிடம் பாதுகாப்பு உத்தரவும் செலவுக்குப் பணமும் கேட்கலாம். பாதுகாப்பு உத்தரவை மீறினால் ஓராண்டு வரை சிறை. வக்கீலுக்குப் பணமில்லையா? மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவசமாக வக்கீல் தருவார்கள், 15100-க்குப் போன் அடியுங்கள். மகளிர் ஸ்டேஷனுக்குத் தனியாகப் போகாதீர்கள், புகார் கொடுத்ததற்கு ரசீது வாங்காமல் வராதீர்கள். ஒரு ஸ்டேஷனில் எங்களை மூன்று மணி நேரம் உட்காரவைத்துச் சமாதானம் பேசினார்கள். நாலு பேராகப் போனதால்தான் மதினி தளராமல் இருந்தார்.

வெளியே வந்தபின் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைக்கிறோம். குக்கர் விசில் அடித்தால்கூட மதினிக்குத் தூக்கிவாரிப்போடும். சில நாள் அந்த மனுஷனையே நினைத்து அழுவார், அது எங்களுக்குப் புரியவே இல்லை. ஆலோசகர்தான், இத்தனை வருஷம் கூட வாழ்ந்த ஆள்மேல் ஏக்கம் வருவதில் தப்பில்லை என்று சொன்னார். தூக்கமில்லை, நெஞ்சு படபடக்கிறது என்றால் 14416-இல் பேசுங்கள், மனநல ஆலோசனைக்கான இலவச எண், தமிழிலேயே பேசலாம்.

கூட நிற்கிறவர்களுக்கும் ஒன்று சொல்லணும். "நீ என்ன பேசின, அவன் ஏன் அடிச்சான்?" என்று தயவுசெய்து கேட்காதீர்கள். கோர்ட்டு நாளில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளுங்கள், ஒரு வேளைக் குழம்பு கொண்டுபோய்க் கொடுங்கள். திரும்பவும் அந்த வீட்டுக்கே போய்விட்டால் கோபித்துக்கொண்டு பேச்சை நிறுத்திவிடாதீர்கள். மதினியும் இரண்டு தடவை போய் வந்தவர்தான். அவர் பை அதுவரை என் பீரோவிலேயே இருந்தது.

இப்போது அவர் மறுபடி எங்களோடு பூக் கட்டுகிறார். போன மாதம் தெருவுக்குப் புதிதாகக் குடிவந்த பெண் ஒருத்தி முழுக்கை ஜாக்கெட்டை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டே கட்டினாள். மதினி நாரைக் கீழே வைத்துவிட்டு, "தண்ணி எடுத்துட்டு வருவோம், வாத்தா" என்று அவளைக் கொல்லைப்பக்கம் கூட்டிக்கொண்டு போனார்.