படகு இழுக்க எந்த வண்டி? சிட்னிக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

வேலையும் வீடும் ஓரளவு அமைந்ததும், மீன்பிடிக்கிற நண்பர்கள் இரண்டு பேர் கிடைத்தால் போதும், சொந்தப் படகு ஆசை வந்துவிடும். அந்த வேகத்தில் பலர் முதலில் பெரிய யூட் (பின்னால் திறந்த சரக்குத்தட்டு உள்ள வண்டி) ஒன்றைக் கடனில் எடுத்துவிடுகிறார்கள். தயவுசெய்து அவசரப்படாதீர்கள். முதலில் படகை முடிவு செய்யுங்கள், வண்டி அப்புறம்.

விற்பவர் சொல்லும் எடை பெரும்பாலும் வெறும் படகுக்கூட்டின் எடைதான். மோட்டார், டிரெய்லர், பேட்டரி, நங்கூரம், ஐஸ்பெட்டி எல்லாம் அதன்மேல் ஏறும். 150 லிட்டர் பெட்ரோல் மட்டுமே 110 கிலோவைத் தாண்டும். வாங்குமுன் பொது எடைமேடையில் ஒருமுறை நிறுத்திப் பார்த்துவிடுவது நல்லது. மொத்தம் 750 கிலோவுக்குள் என்றால் டிரெய்லருக்குப் பிரேக் தேவையில்லை. அதற்கு மேல் பிரேக் கட்டாயம். 2,000 கிலோவைத் தாண்டினால் எல்லாச் சக்கரங்களிலும் பிரேக் வேண்டும், டிரெய்லர் கழன்றால் தானாகப் பிடிக்கும் அமைப்பும் வேண்டும்.

நாலரை மீட்டர் அலுமினியப் படகுக்கு யூட் தேவையே இல்லை. 2019-இல் வந்த டொயோட்டா ரேவ்4 ஹைப்ரிட் காரில் நாலு சக்கர இயக்கம் உள்ள வகை 1,500 கிலோ இழுக்கும். இரு சக்கர இயக்கம் உள்ளதற்கோ 480 கிலோதான் வரம்பு. பார்க்க இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும், பழைய வண்டி வாங்கும்போது கவனம். கொஞ்சம் பெரிய படகு, பிள்ளைகளோடு போகவேண்டும் என்றால் டொயோட்டா குளூகர் 2,000 கிலோ வரை தாங்கும்.

ஆறு மீட்டர் ஃபைபர் படகு என்றால்தான் ரேஞ்சர், ஹைலக்ஸ், டி-மேக்ஸ், எம்யூ-எக்ஸ் போன்ற பெரிய வண்டிகள் பக்கம் போகவேண்டிவரும். இங்கேதான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். விளம்பரத்தில் 3,500 கிலோ இழுக்கும் என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள். உதாரணமாக, வண்டியின் சொந்த எடை 2,300 கிலோ, ஜிவிஎம் எனப்படும் அதிகபட்ச எடை 3,200 கிலோ என்று வைத்துக்கொள்வோம். ஆக 900 கிலோ ஏற்றலாம். டிரெய்லர் எடையில் சுமார் 10 விழுக்காடு கொக்கியின்மேல் அழுத்தும். 3,500 கிலோ இழுத்தால் அது 350 கிலோ, வண்டியின் சுமைக் கணக்கில் சேரும். மீதி 550. ஐந்து பெரியவர்கள் ஏறினால் 375 கிலோ போய்விடும். முன்பக்க புல்பார், சாமான், கூடாரம் எல்லாம் மிச்சமுள்ள 175 கிலோவுக்குள் அடங்கவேண்டும். வண்டியும் டிரெய்லரும் சேர்ந்த மொத்தத்துக்கும் ஜிசிஎம் என்று தனி வரம்பு உண்டு, கையேட்டில் அதையும் பாருங்கள். வண்டி, டோபார் (கொக்கி மாட்டும் பின்பக்கச் சட்டம்), கொக்கி மூன்றில் எதன் அளவு குறைவோ அதுதான் உங்கள் வரம்பு. மீறினால் அபராதம் ஒருபக்கம், விபத்து நடந்தால் காப்பீடு கைவிட்டுவிடும் ஆபத்து இன்னொரு பக்கம்.

அபார்ட்மென்ட்டில் குடியிருந்தால் அளவுநாடா எடுத்துக்கொண்டு கீழ்த்தளத்துக்குப் போங்கள். இரட்டைக் கேபின் யூட் ஏறக்குறைய 5.3 மீட்டர் நீளம், வழக்கமான பார்க்கிங் இடம் 5.4 மீட்டர். படகுக்கும் வேறு இடம் தேடவேண்டும்.

பாட்டனி விரிகுடா போன்ற இடங்களின் படகுத்துறைச் சரிவில் பாசி பிடித்திருக்கும். கனமான படகைத் தண்ணீரிலிருந்து இழுக்கும்போது பின்சக்கர இயக்கம் மட்டும் உள்ள யூட் வழுக்கும். அடிக்கடி போவதாக இருந்தால் நாலு சக்கர இயக்கத்துக்குச் செலவழிப்பது நியாயமே. தூரம் ஓடிவந்ததும் டிரெய்லரை உடனே உப்புத்தண்ணீரில் இறக்காதீர்கள். சூடான சக்கர பேரிங் சட்டென்று குளிர்ந்து தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். திரும்பியதும் டிரெய்லரையும் வண்டியின் அடிப்பாகத்தையும் நல்ல தண்ணீரில் கழுவுங்கள்.

உரிமம் விஷயம் ஒன்று. நியூ சவுத் வேல்ஸில் எல் போர்டுக்காரர் (ஓட்டப் பழகுபவர்) டிரெய்லர் இழுக்கவே கூடாது. சிவப்பு பி போர்டுக்காரருக்கு (தற்காலிக உரிமத்தின் முதல் கட்டத்தில் இருப்பவர்), சுமையில்லாத நிலையில் 250 கிலோவுக்குள் உள்ள டிரெய்லர்தான். படகை 10 நாட் (மணிக்குச் சுமார் 18.5 கிலோமீட்டர்) அல்லது அதற்கு மேற்பட்ட வேகத்தில் ஓட்டத் தனியாகப் படகு உரிமம் வேண்டும்.