பழைய சார்ஜ் பேட்டரிகளையும் சிறு மின்சாதனங்களையும் பாதுகாப்பாக அப்புறப்படுத்தும் முறை

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் இரவில் வயலுக்கு நீர் பாய்ச்சச் செல்வோரின் சார்ஜ் டார்ச், மின்தடைக்கு வாங்கிய எமர்ஜென்சி விளக்கு, கொசு பேட், பவர் பேங்க், பழைய பட்டன் போன் என எதை எடுத்தாலும் உள்ளே ஒரு சார்ஜ் பேட்டரி இருக்கிறது. பழுதானதும் இவை குப்பை வண்டிக்கோ பழைய இரும்புக் கடைக்கோ போய்விடுகின்றன. வண்டியில் நசுங்கும் லித்தியம் பேட்டரி தீப்பிடிக்கக்கூடும்; கடையில் அது சுத்தியலுக்கு இரையாகக்கூடும். மண்ணில் புதைப்பதும் தீர்வன்று. நிலத்தடி நீரில் ஏற்கெனவே ஃபுளோரைடு மிகுந்ததால் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீரை எதிர்பார்த்திருக்கும் பகுதியில், ஈயமும் காட்மியமும் கிணற்றில் சேர நாமே வழிவிடக் கூடாது.

முதலில் பேட்டரியின் வகையை அறிந்துகொள்ள வேண்டும். மேலுறையில் 3.7 வோல்ட் என்றிருந்தால் அது பெரும்பாலும் லித்தியம் வகை, 1.2 வோல்ட் என்றிருந்தால் நிக்கல் வகை. கையில் எடுத்ததும் கனக்கும் 4 அல்லது 6 வோல்ட் பெட்டி ஈய அமில வகை. கழற்றும்படி அமைந்த பேட்டரியை மட்டும் கழற்ற வேண்டும். ஒட்டி மூடப்பட்ட போனையோ புளூடூத் கருவியையோ ஸ்குரூ டிரைவரால் நெம்பாமல், முழுதாகவே ஒப்படைப்பது நல்லது. கொசு பேட்டையும் பிரிக்க வேண்டாம். அணைத்த பிறகும் அதன் மின்தேக்கியில் உயர் மின்னழுத்தம் தங்கியிருக்கும்.

தீர்ந்துபோனதாக நாம் நினைக்கும் பேட்டரியிலும் சிறிது மின்சாரம் எஞ்சியிருக்கும். அதன் முனைகள் சாவியிலோ சில்லறையிலோ மற்றொரு பேட்டரியிலோ பட்டால் குறுக்குச் சுற்று (ஷார்ட் சர்க்யூட்) ஏற்பட்டுச் சூடேறும். எனவே ஒவ்வொரு பேட்டரியின் முனைகளையும் இன்சுலேஷன் டேப்பால் மூடி, எவர்சில்வர் டப்பாவில் அல்லாமல் பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு, தகரக் கூரையின் கீழோ அடுப்பின் அருகிலோ அல்லாத நிழலான இடத்தில், குழந்தைகளுக்கு எட்டாமல் வைக்க வேண்டும். சட்டைப் பட்டன் போன்ற சிறிய வட்டப் பேட்டரியைக் குழந்தை விழுங்கியதாகச் சந்தேகம் எழுந்தாலே உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

உப்பிய பேட்டரிக்குத் தனிக் கவனம் தேவை. உள்ளே வாயு சேர்ந்திருப்பதால்தான் அது உப்புகிறது. அதை அழுத்துவதும், ஊசியால் குத்திக் காற்றை வெளியேற்றப் பார்ப்பதும், 'ஒருமுறை சார்ஜ் போட்டுப் பார்ப்போம்' என்று முயல்வதும் ஆபத்தானவை. உலர்ந்த மணல் நிரப்பிய மண்சட்டியில் வைத்து, இறுக மூடாமல், வீட்டுக்கு வெளியே வெயில் படாத இடத்தில் தனியாக வைத்து, தாமதமின்றி ஒப்படைக்க வேண்டும். புகையோ சீறும் ஒலியோ வந்தால் அருகில் செல்லாமல், எல்லோரையும் விலக்கிவிட்டு 101 என்ற எண்ணில் தீயணைப்புத் துறையை அழைக்க வேண்டும்; அப்புகை நச்சுடையது.

எங்கே ஒப்படைப்பது? 2001ஆம் ஆண்டின் பேட்டரி விதிகள் ஈய அமில வகைக்கு மட்டுமே பொருந்தின. 2022ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் எல்லா வகைகளையும் உள்ளடக்கி, திரும்பப் பெறும் பொறுப்பை உற்பத்தியாளர் மீதும், பிற குப்பையுடன் கலக்காமல் வைக்கும் பொறுப்பை நம் மீதும் சுமத்துகின்றன. ஆகவே சாதனத்தின் நிறுவனச் சேவை மையத்தை முதலில் தொலைபேசியில் கேளுங்கள். ஊரில் மையம் இல்லையெனில் ஓசூருக்கோ சேலத்துக்கோ வேறு வேலையாகச் செல்லும்போது எடுத்துச் செல்லலாம். பேருந்து பார்சலில் மட்டும் அனுப்ப வேண்டாம். நகராட்சியிலோ ஓசூர் மாநகராட்சியிலோ மின்னணுக் கழிவைத் தனியாகப் பெறுகிறார்களா என்று விசாரிப்பதும் பயன்தரும். தூய்மைப் பணியாளரிடம் கொடுக்க நேர்ந்தால், உள்ளே பேட்டரி இருப்பதைச் சொல்லித் தனிப் பையில் கொடுங்கள்.

போனைக் கொடுக்கும் முன் சிம், மெமரி கார்டு இரண்டையும் எடுத்துவிட்டு, தகவல்களை முழுமையாக அழித்துவிட வேண்டும். சார்ஜர் வயரைச் செம்புக்காக எரிப்பது இங்கே வழக்கமாகவே இருக்கிறது. அந்தப் புகைக்கு, கிடைக்கும் சில ரூபாய் ஈடாகாது. இன்வெர்ட்டர் பேட்டரியைப் பொறுத்தவரை கவலை குறைவு: புதியது வாங்கும் கடையிலேயே பழையதற்கு விலை கழித்துக்கொள்வார்கள். அமிலத்தைச் சாக்கடையில் கொட்டாமல், சாய்க்காமல் நிமிர்த்தி எடுத்துச் சென்றால் போதும்.