பூனை இருக்கும் வீட்டில் லில்லிப் பூ வேண்டாம்

பூனை வளர்க்கும் வீட்டுக்குள் லில்லிப் பூங்கொத்து வரவே கூடாது. ஆசியாட்டிக், ஓரியண்டல், ஈஸ்டர், டே லில்லி எல்லாமே பூனையின் சிறுநீரகத்தைப் பாழாக்குபவை. இலையோ இதழோ தின்ன வேண்டும் என்பதுகூட இல்லை. ரோமத்தில் உதிர்ந்த மகரந்தத்தை நக்கினாலோ ஜாடித் தண்ணீரைக் குடித்தாலோ போதும். உயரமான அலமாரியில் வைப்பதும் பயன்படாது. மகரந்தம் கீழே கொட்டும், பூனையும் மேலே ஏறும்.

சில மணி நேரத்தில் வாந்தி, சோர்வு, எச்சில் ஒழுகல். பிறகு வாந்தி நின்று, தேறிவிட்டதுபோலத் தெரியும். பலர் ஏமாறுவது இங்கேதான். 24 முதல் 72 மணி நேரத்துக்குள் சிறுநீரகம் செயலிழந்துவிடும். அறிகுறி தெரியட்டும் என்று காத்திருக்காமல் உடனே கால்நடை மருத்துவரிடம் தூக்கிச் செல்லுங்கள். 18 மணி நேரத்துக்குள் டிரிப்ஸ் ஏற்றத் தொடங்கினால் பிழைக்கும் வாய்ப்பு அதிகம். கிளம்பும் முன் ரோமத்தை ஈரத்துணியால் துடைத்து, செடியைப் படமெடுத்துக்கொள்ளுங்கள். உப்புத்தண்ணீர் புகட்டி வாந்தி எடுக்க வைக்காதீர்கள். அந்த உப்பே பூனைக்கு நஞ்சு.

வீட்டுச் செடிகளான மணி பிளாண்ட், டிஃபன்பேக்கியா, பெயரில் மட்டும் லில்லியான பீஸ் லில்லி மூன்றிலும் இருப்பது ஊசிபோன்ற கால்சியம் ஆக்ஸலேட் படிகங்கள். கடித்தால் வாய் எரியும், வீங்கும். பெரும்பாலும் உயிருக்கு ஆபத்தில்லை. பனைபோலத் தோன்றும் அழகுச்செடியான சைகஸ் (சாகோ பாம்) அப்படியல்ல. கல்லீரலைத் தாக்கும், விதை மிகக் கொடியது. அதையும் அப்புறப்படுத்துங்கள். பச்சைக்கு ஸ்பைடர் பிளாண்ட், அரிக்கா பாம், போஸ்டன் ஃபெர்ன் வைக்கலாம்; இவை பூனைக்கு நஞ்சல்ல.